மத்தியானம் பிடித்த பிறேக்

தம்பி,

நீ அனுப்பிய பெட்டி வந்தது. பிறேக் சிலிண்டர், றப்பர் வளையங்கள், இரண்டு போத்தல் பிறேக் எண்ணெய். ஒன்றும் உடையவில்லை. வந்த அன்று போனில், "சோக்கான சாமான், இனி ஓட வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பெரிதாக எடுக்காதே. மூன்று கிழமையாக இந்தக் கடிதத்தை எழுதப் பார்க்கிறேன். போனில் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. "போனிலை எண்டால் நீங்கள் சிரிச்சு மழுப்பிப் போடுவியள். எழுதுங்கோ" என்றாள். எழுத்திலும் மழுப்பலாம் என்பது எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. நான்கு முறை கிழித்துவிட்டேன்.

உன் கலியாணத்துக்கு நீ என்னிடம் மூன்று விஷயம் கேட்டாய். ஆவணிக்குள் ஜீப் ஓட வேண்டும். வீட்டிலிருந்து மண்டபத்துக்கு அதில் உன்னை நானே ஏற்றிப் போக வேண்டும். மாமாவைக் கலியாணத்துக்கு அழைக்கக் கூடாது. மூன்றாவதைக் கேட்டபோது உன் குரல் தணிந்தது. "அம்மா மடக்கேலாத காலோடை ஒரு பக்கத்திலை இருக்க, அந்த ஆள் வந்து என்ரை தலையிலை அறுகு வைக்கிறதோ அப்பா?" என்றாய். மாப்பிள்ளையை இருத்திப் பாலும் அறுகம்புல்லும் தலையில் வைக்கும்போது முதற்கை தாய்மாமனுடையது. உனக்கு இருப்பது ஒரேயொரு தாய்மாமன். நான் "பாப்பம்" என்றேன். முப்பது வருடமாக நான் எல்லாவற்றுக்கும் சொல்லிவரும் சொல் அது.

இந்த ஜீப்பைப் பற்றி உன்னிடம் ஒரு கதை இருக்கிறது. சண்டையும் இடப்பெயர்வும் அதை நிறுத்தின. பிறகு அப்பாவுக்கு ஓய்வு கிடைத்தது. அப்பாவும் மகனும் கடலுக்கு இரண்டு பக்கமும் நின்று அதை எழுப்புகிறார்கள். உன் நண்பர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருப்பாய். நல்ல கதை. நாலு வருடம் நானும் அதற்குள் வசதியாக இருந்தேன். கொட்டில் தகரத்தின் கீழ் நான் போனைப் பிடிக்க, நீ பனிக்குள் நின்றுகொண்டு, "இன்னும் கீழை பிடியுங்கோ, சட்டம் தெரியேல்லை" என்பாய். நம்முடைய ஜீப் லாண்ட் ரோவர், மேலுடம்பு அலுமினியம். அது அப்படியே கிடந்தது. அடியிலிருந்த இரும்புச் சட்டம் தொட்டால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. அருளப்புவை உனக்குப் போனில் தெரியும். குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அதே வெள்ளைச் சேட்டோடு உரும்பிராய்க்கு வந்து, சேட்டைக் கழற்றி முருங்கைக் கொப்பில் போட்டுவிட்டு அடியில் படுப்பார். "மாஸ்ரர், கடலுக்கை தாண்டு போன இரும்பே இதைவிடத் திறம்" என்பார்.

எஞ்சின் முடிந்தது. கியர்ப்பெட்டி முடிந்தது. வயர்கள், சீற்றுகள், கண்ணாடிகள். பெயின்ற்கூட அடித்துவிட்டோம். பிறேக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் பிறகு பார்ப்போம் என்று தள்ளினேன். அருளப்பு சிரித்தார். "ஆரும் முதல் பிறேக்கைத்தான் பாப்பினம். உங்களுக்கு ஓடத்தான் அவசரம், நிக்க அவசரமில்லை." அவருக்குத் தெரியாமலே சரியாகச் சொன்னார்.

மாசியில், செய்வதற்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை. அருளப்பு சிலிண்டரைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் இல்லை, மண்ணிறப் பிசின். றப்பர் ஊதிப் பெருத்து, ஊறப்போட்ட கடலை மாதிரி இருந்தது. அவர் விரலில் தொட்டு மூக்கில் வைத்தார்.

"மாஸ்ரர், இது பிறேக் எண்ணெய் இல்லை. பலகாரச் சட்டி மணக்குது."

நான் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துத் துடைத்தேன்.

"ஆர் இதுக்கை தேங்காயெண்ணெய் விட்டது? விசர் வேலையெல்லோ."

"தெரியாது" என்றேன்.

எழுபது வயதில், சாரத்தை மடித்துக் கட்டிக் குந்தியிருந்து, முருங்கையின் கீழ், இன்னொரு பொய். அருளப்பு என்னைப் பார்த்தார். பிறகு றப்பரைப் பார்த்தார். "சரி, ஆரோ ஒராள்" என்று சொல்லி அதை ஒரு சிரட்டையில் போட்டார்.

அந்த ஒராள் நான், தம்பி.

நீ பிறந்த அடுத்த தை. உனக்கு ஆறு மாதம். கோயிலில் உனக்கு முதற்சோறு தீத்துவதற்கு நாள் பார்த்திருந்தோம். அந்த நாட்களில் சண்டைக்காலத் தடையால் இங்கே பெற்றோல் வராது. ஒரு சின்னப் போத்தலில் இருந்ததைத் துளித்துளியாக விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். தள்ளித்தான் கிளப்ப வேண்டும். கிளம்பினால் இடையில் நிறுத்த மாட்டோம். பிறேக் எண்ணெயும் வராது. முதல் நாள் பார்த்தபோது ஜீப்பில் அது முழுதாக ஒழுகிப் போயிருந்தது. அம்மாவும் நீயும் நல்ல நாளில் நடந்து போவதை நான் விரும்பவில்லை. விரும்பவில்லை என்பதுகூடச் சரியில்லை. மாஸ்ரரின் ஜீப் நிற்கிறது என்று ஊர் சொல்வதை விரும்பவில்லை. குசினியில் இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலில் பாதியை ஊற்றினேன். மத்தியான வெயில். வளவுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிடித்தது. எவருக்கும் சொல்லவில்லை. பின்னேரம் அம்மா கேட்டாள்: "இஞ்சாருங்கோ, எண்ணெய் பாதியைக் காணேல்லை?"

"பூனை தட்டிப் போட்டுது" என்றேன்.

முதலில் பூனை. பிறகு உன் மாமா.

அடுத்த நாள் விடியற்காலை நான் பானைகளோடு சைக்கிளில் முன்னே போய்விட்டேன். ஜீப்பை மாமா ஓட்டி வந்தான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு. வேகக்காரன் என்று பெயர். மினிபஸ் ஓட்டும் ஆசையில் இருந்தான். பக்கத்தில் அம்மா, அவள் மடியில் நீ. நாலைந்து பெடியள் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். ஒழுங்கையில் நிறுத்த வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. கோயில் வீதிக்குத் திரும்பும்போதுதான் அவன் முதன்முதலாகப் பிறேக்கில் கால் வைத்திருக்க வேண்டும். நான் தேருக்கு ஏறும் கல்மேடைக்கு எதிரே, வீதிக்கு மறுகரையில் நின்றேன். கதவில்லாத ஜீப். அவனை முழுதாகக் கண்டேன். சீற்றை விட்டு எழும்பி நின்றான். வலக்கால் கம்பி மாதிரி நீண்டிருந்தது. முழு உடம்பையும் அந்தக் காலில் போட்டுக்கொண்டு வந்தான். ஜீப் வேகம் குறையாமல் வந்து அந்தக் கல்மேடையில் மோதியது.

அம்மா உன்னை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அதனால் வேறொன்றையும் பிடிக்கவில்லை. முழங்கால் முன்னிரும்பில் அடித்தது. உனக்கு ஒரு கீறலும் இல்லை. நீ அழவும் இல்லை, சின்ன வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாய்.

அம்மாவை ஆசுபத்திரியில் விட்டுவிட்டுப் பாயும் துணியும் எடுக்க மத்தியானம் திரும்பினேன். ஜீப் அங்கேயே வெயிலில் நின்றது. ஆட்களும் நின்றார்கள். மாமா நடுவில். "அத்தான், பிறேக் பிடிக்கேல்லை. கல்லு மாதிரி நிண்டது, மிதிக்க மிதிக்க இறங்கேல்லை" என்றான். ஒரு பெரியவர், "மாஸ்ரர், ஏறி ஒருக்கா மிதிச்சுப் பாருங்கோவன்" என்றார். ஏறினேன். நாலு பேர் தள்ளினார்கள். மிதித்தேன். நின்றது. திரும்பத் தள்ளினார்கள். திரும்ப நின்றது. "பிறேக்கிலை பிழையில்லை, ஓடினவன்ரை காலிலைதான் பிழை" என்று யாரோ சொல்ல, இரண்டொருவர் சிரித்தார்கள். மாமா தானும் ஏறி மிதித்துப் பார்த்தான். நின்றது. இறங்கி, தன் காலைக் குனிந்து பார்த்தான். ஓர் ஆள் தன் காலை அப்படிப் பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த மத்தியானம் எனக்கு உண்மையாகவே தெரியாது. இதை நீ நம்பு. இனி எழுதுவதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியாது.

நாலாம் நாள் காலை. குளிர். உனக்குப் பால் காய்ச்சக் குசினிக்குப் போனேன். யன்னலில் தேங்காயெண்ணெய்ப் போத்தல். மிச்சப் பாதி வெள்ளையாக உறைந்து நின்றது. நான் விஞ்ஞானம் படிப்பித்தவன், தம்பி. உருகுதலும் உறைதலும் என்ற பாடத்துக்கு வருடாவருடம் வகுப்புக்குக் கொண்டுபோவது தேங்காயெண்ணெயைத்தான். இங்கே வருடத்தில் சில காலைகளில் மட்டும் அது உறையும். வெயில் ஏற உருகிவிடும். மத்தியானத்தில் ஊற்றியவன் விடியற்காலையை நினைக்கவில்லை. போத்தலைக் கையில் எடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தேன். அசையவில்லை. அடுப்படியில் வைத்தேன். உருகியது. உனக்குப் பால் தந்தேன். வெளியே வந்து, வாசல் படலையில் நின்ற அயலவர் ஒருவர், "உவன் மச்சான் என்ன சொல்லுறான்?" என்று கேட்டபோது, "அவன் என்னத்தைச் சொல்ல" என்றேன்.

அவ்வளவுதான். பெரிய பொய் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். முதற்கிழமை அம்மா ஆசுபத்திரியில் என்பது காரணம். பிறகு கால் மடங்காது என்று டொக்டர் சொன்னது காரணம். பிறகு இடம்பெயர்ந்தோம், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு குடும்பத்துக்கு நடுவில் இதையா சொல்வது? பிறகு திரும்பி வந்தோம். பிறகு உன் பள்ளிக்கூடச் சோதினை. பிறகு நீ வெளிநாடு. அதற்குள் மாமாவுக்குக் கலியாணமாகி, கோப்பாயில் வாழைத்தோட்டம் செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, நன்றாகத்தானே இருக்கிறான் என்ற காரணமும் வந்து சேர்ந்தது. அவன் அதற்குப் பிறகு எந்த வாகனத்தையும் தொடவில்லை. வாழைக்குலையைச் சைக்கிளில்தான் சந்தைக்குக் கொண்டுபோகிறான். ஜீப்பை நானும் தொடவில்லை. அது மனவருத்தம் என்று ஊர் நினைத்தது.

உனக்கு ஒன்பது வயதில் ஒரு கோயில் திருவிழா. நினைவிருக்கிறதா தெரியாது. மாமா உனக்கு ஓர் ஐஸ்பழம் வாங்கி நீட்டினான். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்கள்தானே அம்மான்ரை காலை உடைச்சனீங்கள்" என்றாய். அவன் என்னைப் பார்த்தான். நான் உன் தோளைப் பிடித்து, "வா, சாமி வெளிக்கிடப் போகுது" என்றேன். சனத்துக்குள் திரும்பிப் பார்த்தேன். ஐஸ்பழத்தை அவன் இன்னும் நீட்டிக்கொண்டே நின்றான். அது முழங்கை வரை ஒழுகியது. உன்னை நான் நல்ல பிள்ளையாகத்தான் வளர்த்தேன். அந்த ஒரு கெட்ட சொல் உன்னுடையது இல்லை, என்னுடையது.

அருளப்பு றப்பரைச் சிரட்டையில் போட்ட அடுத்த கிழமை அதைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு கோப்பாய்க்குப் போனேன். மாமா வாழைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான். ஒரு பாத்தி நிறைய, மண்ணை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டபடி. என்னைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றி, "அத்தான், ஆருக்கும் ஏதுமோ?" என்றான். இல்லை என்றேன். வாய்க்கால் வரம்பில் நின்றபடியே சொன்னேன். றப்பரைக் கையில் கொடுத்தேன். அவன் அதை அமத்திப் பார்த்தான்.

"தேங்காயெண்ணெய்."

"ஓம்."

"விடியப்பறம் உறைஞ்சு போச்சு."

"ஓம்."

"மத்தியானம் இளகிட்டுது."

"ஓம்."

பாத்தி நிறைந்து தண்ணீர் வழியத் தொடங்கியது. அவன் கவனிக்கவில்லை.

"நான் கிளச்சை மிதிச்சனான் அத்தான்" என்றான்.

"இல்லை."

"நான் கிளச்சைத்தான் மிதிச்சனான். உங்களுக்குத் தெரியாது. முப்பது வருசமா யோசிச்சு யோசிச்சு நான் கண்டுபிடிச்சது அது. கனவிலையும் இடக்கால்தான் வாறது."

"நீ எழும்பி நிண்டனி. வலக்காலிலை. நான் மற்றக் கரையிலை நிண்டு கண்டனான்."

"கண்டனீங்கள்?"

அதற்கு மேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். றப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "அக்காவுக்குத் தெரியுமோ?" என்றான். இல்லை என்றேன். "அப்ப ஏன் முதல் என்னட்டை வந்தனீங்கள்? போங்கோ. போய் அக்காவுக்குச் சொல்லுங்கோ." குனிந்து மண்ணை வெட்டிப் பாத்தியை அடைத்தான். நான் கையை நீட்டினேன். "இது என்னட்டை இருக்கட்டும்" என்று றப்பரைச் சாரத்து மடியில் செருகினான்.

அம்மா கதிரையில் காலை நீட்டிக்கொண்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொல்லி முடிய அவள் கேட்ட முதற் கேள்வி:

"அப்ப பூனை?"

"பூனை ஒண்டும் செய்யேல்லை."

"அந்த வாயில்லாச் சீவனை நான் விளக்குமாத்தாலை அடிச்சனான்."

பிறகு நெடுநேரம் இலை உருவினாள். "மத்தியானம் ஊருக்கு மிதிச்சுக் காட்டேக்கை தெரியுமோ?" என்றாள்.

"தெரியாது. நாலாம் நாள் தெரியும்."

"நாலாம் நாள்." சுளகைக் கீழே வைத்தாள். "நாலாம் நாள்தான் அவன் ஆசுபத்திரி வாசலுக்கு வந்தவன். உள்ளுக்கு விடவேண்டாம் எண்டு நான் சொல்லிவிட்டனான். அண்டைக்கு நீங்கள் என்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்தனீங்கள்."

இருந்தேன். கையில் உன்னை வைத்துக்கொண்டு.

அடுத்த நாள் அவள் தனியாக ஓட்டோ பிடித்துக் கோப்பாய்க்குப் போனாள். பின்னேரம் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு வந்தாள். சேலைக் கரையில் செம்மண். அங்கே என்ன கதைத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. தேத்தண்ணி வைத்துவிட்டுக் கூப்பிடாமல் போகிறாள். சோறும் அப்படித்தான். நாற்பது வருடம் ஒருத்தியோடு இருந்தால் அவள் கோப்பை வைக்கும் சத்தத்தில் எல்லாம் தெரியும். இப்போது சத்தமில்லாமல் வைக்கிறாள்.

கலியாணம் செய்யப் போகிற மகனுக்கு அப்பா நாலு புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் நாலு இல்லை. உன் மனுசி வந்து எண்ணெய் எங்கே என்று கேட்டால், எங்கே என்று சொல். கேட்ட அந்தப் பின்னேரமே சொல். அவள் ஏசுவாள், ஏசட்டும். எனக்கு ஒரு பின்னேரத்து ஏச்சு பயமாக இருந்தது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மிச்சமெல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். என்னைவிட நீ கவனமானவன்.

நேற்று முன்தினம் ஞாயிறு. விடியற்பூசை முடிந்து வந்த அருளப்புவும் நானும் நீ அனுப்பிய சிலிண்டரைப் பூட்டி, சரியான எண்ணெய் விட்டு, காற்றெல்லாம் எடுத்து முடித்தோம். ஜீப் கல் அடுக்கின் மேல் நிற்கிறது, சக்கரச் சில்லுகள் நிலத்தில் படாமல். படலையில் சைக்கிள் மணி. மாமா. வீட்டுக்குள் போகவில்லை, நேரே கொட்டிலுக்கு வந்தான். வந்தது யாரென்று அருளப்பு கேட்க நினைத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சேட்டை எடுக்க முருங்கையடிக்குப் போய்விட்டார். அம்மா பின்வாசலுக்கு வந்தாள். "கலியாணத்துக்கு வருவியோ?" என்று அங்கிருந்தபடியே கேட்டாள். "பெடியன் கேக்கட்டும் அக்கா" என்றான். அவனுடைய போன் இலக்கம் அம்மாவிடம் இருக்கிறது. நீ எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொருவனுக்கு வழி சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஜீப்பை மண்டபத்துக்கு நான் ஓட்ட மாட்டேன். அதை மட்டும் முடிவு செய்துவிட்டேன்.

அவன் செருப்பைக் கழற்றினான். முன்பெல்லாம் அப்படித்தான், வெறுங்காலோடு ஓட்டுவான். ஏறி இருந்தான். இரண்டு கையாலும் ஸ்ரேறிங்கைப் பிடித்தான். வலக்காலைப் பிறேக்கில் வைத்து, குனிந்து, அது வலக்கால்தானா என்று பார்த்தான். "அத்தான், சில்லைச் சுத்துங்கோ" என்றான். நான் முன்சில்லைக் கையால் பலமாகச் சுற்றிவிட்டேன். அவன் மிதித்தான். சில்லு நின்றது.

"இன்னொருக்கா."

சுற்றினேன். நின்றது.

"இன்னொருக்கா சுத்துங்கோ."

வெயில் ஏறவில்லை இன்னும். காலைதான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, சில்லைத்தான் பார்த்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. தோள்மூட்டு நொந்தது. சாரம் அவிழ்ந்து வந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சுற்றினேன். போதும் என்று அவன் சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் இன்னொருக்கா என்றான். சுற்றினேன்.

அப்பா